குறைந்தது கொலஸ்ட்ரால் மட்டும்தானா?

கேள்வி: கெடா, பீடோங்கில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் அம்மாவுக்கு 74 வயது. அப்பா காலமான பின் தனியாக இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் 6.4 ஆக (mmol/L கணக்கில்) இருந்த மொத்தக் கொலஸ்ட்ரால், மருந்தே இல்லாமல் 4.3க்கு இறங்கிவிட்டது. முட்டையையும் மீனையும் நிறுத்தச் சொன்னேன், அதன் பலன். உடம்பு இளைத்து, ரவிக்கைகளைக்கூட இரண்டு முறை பிடித்துத் தைத்துக்கொண்டார். இனி இருதயத்தைப் பற்றிப் பயமில்லைதானே?
– மகன், கோலாலம்பூர்

பதில்: இரண்டு முறை பிடித்துத் தைத்தார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், தம்பி. எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. அம்மாவின் எடை எவ்வளவு குறைந்தது? உங்கள் கடிதத்தில் அந்தக் கணக்கு இல்லை. 50 கிலோ உடம்பில், முயற்சி செய்யாமலே ஓராண்டுக்குள் 2.5 கிலோ போனால் டாக்டர்கள் காரணம் தேடுவார்கள்.

நடுவயதுவரை ஏறும் கொலஸ்ட்ரால், முதுமையில் தானாகவே சற்று இறங்குவது உண்டு. உடம்பும் கூடவே கரைகிறதென்றால் கதை வேறு. சாப்பாடு போதவில்லையா, தைராய்டு அதிகம் சுரக்கிறதா, கல்லீரலில் கோளாறா, உள்ளே வேறு நோய் வளர்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பல வருடம் ரத்தக்குழாயில் படிந்தது, எண் இறங்கியதும் கழுவிக்கொண்டு போய்விடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதவில்லை.

மீனை நிறுத்தச் சொன்னது எந்த டாக்டர்? வயதானவர்களுக்குத் தசை கரையாமலிருக்கப் புரதம் வேண்டும். முட்டையும் மீனும் போனபின் தட்டில் என்ன மிஞ்சும்? கஞ்சி, ஊறுகாய், ஒரு துண்டு கருவாடு. அந்த உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். கணவர் போனபின் தன் ஒருத்திக்காக உலை வைக்க எத்தனை பெண்களுக்கு மனம் வருகிறது? பெற்றவளின் சாப்பாட்டைப் போனிலேயே வெட்டிவிட்டு, ரிப்போர்ட்டைப் பார்த்துப் பெருமைப்படுவதை நான் கவனிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வாரமே லீவு போட்டுப் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளோடு அரசாங்கக் கிளினிக்குக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல்லும் மெல்ல முடிகிற நிலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் மூச்சு வாங்குகிறதா, காரணமில்லாமல் களைப்பாக இருக்கிறதா என்பதை மறைக்காமல் சொல்ல வையுங்கள். வயதான பெண்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் மாரடைப்பு வரும்.

முதலில் இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். போனில் கேட்டால் "சாப்பிட்டேன்" என்றுதான் சொல்வார்.