வங்குரோத்தானபின் வீடு மிஞ்சுமா? கேள்வி பதில்

(இங்குள்ளவை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்கு மட்டும். ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு.)

வணக்கம் அக்கா. எனக்கு வங்குரோத்து ஓடர் வந்துவிட்டது. வீடு என் பெயரிலும் மனைவி பெயரிலும் இருக்கிறது. வெளியேற வேண்டுமா?

உடனே இல்லை. டிரஸ்டியிடம் (கடன்காரருக்காக உங்கள் சொத்தைப் பொறுப்பெடுப்பவர்) போவது உங்கள் பங்கு மட்டும். மனைவியின் பங்கை அவர் தொட முடியாது. லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் (காணிப் பதிவகம்) ஒரு கட்டுப்பாடு பதிவாகும். அதன்பின் டிரஸ்டிக்குத் தெரியாமல் வீட்டை விற்க முடியாது.

கணக்கு இப்படி: வீட்டின் விலை 320,000 பவுண், மோர்ட்கேஜ் 240,000, விற்கும் செலவு 8,000 என்றால் மிச்சம் 72,000. உங்கள் பாதி 36,000. டிரஸ்டி தேடுவது அந்தக் காசைத்தான். மனைவியோ உறவினரோ அந்தப் பங்கை வாங்கிவிட்டால் அவர் வேலை முடிந்தது. கோர்ட் வழியாக விற்க அவருக்கும் செலவு இருக்கிறது, அதனால் விலை கதைக்க இடமுண்டு. வாய்வழி மதிப்பு எடுபடாது, எழுத்தில் மதிப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒரு வருஷத்தில் டிஸ்சார்ஜ் (வங்குரோத்திலிருந்து விடுவிப்பு) ஆகிவிட்டால் என் பங்கு திரும்பி வரும்தானே?

வராது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 12 மாதத்தில் தீருவது கடன். வீட்டுப் பங்கு டிரஸ்டியிடமே இருக்கும், அதற்குத் தனிக் காலக்கெடு: ஓடர் வந்த நாளிலிருந்து 3 வருஷம். அதற்குள் அவர் பங்கை விற்க வேண்டும், அல்லது விற்பனைக்கோ வீட்டின் மேல் சார்ஜ் (பின்னர் பணம் அறவிடும் உரிமை) போடுவதற்கோ கோர்ட்டில் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது உங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். வெறும் கடிதம் போட்டால் போதாது. எதுவும் செய்யாவிட்டால் பங்கு தானாக உங்களிடம் திரும்பும்.

இரண்டு பொறிகள். உங்களுக்கு வீட்டில் பங்கிருப்பதை முதல் 3 மாதத்துக்குள் சொல்லாவிட்டால், அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் 3 வருஷம் ஓடும். மற்றது, கோர்ட் நினைத்தால் கெடுவை நீட்டலாம். ஆகவே மூன்றாம் வருஷம் வரும் கடிதங்களைப் பிரிக்காமல் போடாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஈக்விட்டியே (மோர்ட்கேஜ் போக மிஞ்சும் பெறுமதி) இல்லை. பேசாமல் இருந்துவிடலாமா?

உங்கள் பங்கு 1,000 பவுணுக்குக் கீழே என்றால் விற்பனைக்கோ சார்ஜுக்கோ போடும் விண்ணப்பத்தைக் கோர்ட் தள்ளிவிட வேண்டும். ஆனால் அவர் கோர்ட்டுக்குப் போவது மூன்றாம் வருஷமாக இருக்கலாம். அதற்குள் விலை ஏறும், நீங்கள் கட்டும் மோர்ட்கேஜாலும் ஈக்விட்டி கூடும். பெறுமதி இல்லாதபோதே பங்கை வாங்குவது புத்தி. 1 பவுணும் சட்டச் செலவும் கொடுத்து முடித்தவர்கள் உண்டு.

மோர்ட்கேஜைத் தொடர்ந்து கட்ட வேண்டுமா?

கட்டத்தான் வேண்டும். வங்கியின் பிடி வீட்டின் மேல், வங்குரோத்து அதை அசைக்காது. டிரஸ்டி சும்மா இருந்தாலும் வங்கி வீட்டை எடுக்கும். விற்றும் கடன் மிஞ்சினால் உங்கள் பெயரில் அது வங்குரோத்தோடு போகும், சேர்ந்து கையெழுத்திட்ட மனைவியிடமோ முழுத் தொகையும் கேட்பார்கள்.

ஓடர் வர முன்னம் தம்பி பெயருக்கு மாற்றினால்?

வேண்டாம். வங்குரோத்து மனு போட்ட நாளுக்கு முந்தைய 5 வருஷத்தில் சும்மாவோ குறைந்த விலைக்கோ கொடுத்ததைக் கோர்ட் திருப்பி எடுக்கலாம். மனுவுக்குப் பிறகு மாற்றினால், கோர்ட் சம்மதிக்காத வரை அது செல்லாது. மேலதிகமாக உங்கள் மேல் 2 முதல் 15 வருஷம் வரை வங்குரோத்துக் கட்டுப்பாடுகள் விழவும் கூடும்.

அண்ணாவுக்குத் தனியாக மோர்ட்கேஜ் கிடைக்காததால் என் பெயரையும் போட்டோம். நான் ஒரு பென்னியும் கட்டவில்லை. இப்போது நான் வங்குரோத்து. அவர் வீடு போகுமா?

நம்மவர்களிடையே அதிகம் நடப்பது இது. டிரஸ்டிக்குப் போவது பத்திரத்தில் உள்ள பெயர் அல்ல, உண்மையில் உங்களுக்கு உரிய பங்கு. முதலில் வாங்கியபோது கையெழுத்திட்ட ரி.ஆர்.1 (TR1, வீட்டுரிமை மாற்றும்) படிவத்தை சொலிசிற்றரின் கோப்பிலிருந்து எடுங்கள். அதில் பங்குகளை அறிவிக்கும் பகுதி ஒன்று உண்டு. இருவரும் சமமாக வைத்திருப்பதாக அதில் குறித்திருந்தால் அதை உடைப்பது மிகக் கடினம். வெறுமையாக விட்டிருந்தால் சமபங்கு என்றே ஊகிப்பார்கள், ஆனால் குடும்ப வீட்டில் அந்த ஊகத்தை மறுக்கலாம். 2007, 2011 ஆண்டுகளின் மேல்நிலைத் தீர்ப்புகள் அதற்கு வழி விட்டிருக்கின்றன. முற்பணம் யார் கணக்கிலிருந்து போனது, மாதத் தவணை யார் கட்டியது, வாங்கும்போது என்ன கதைத்தீர்கள் என்பதற்கு அந்தக் காலத்துத் தாள்கள் வேண்டும். இப்போது அவசரமாக எழுதும் ஒப்பந்தம் சந்தேகத்தையே கூட்டும்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அம்மாவுக்குக் கடும் வருத்தம். கோர்ட் பார்க்குமா?

முதல் வருஷத்தில் பார்க்கும். பங்கு டிரஸ்டியிடம் போய் ஒரு வருஷமானால் கடன்காரரின் நலனே முந்தும், அசாதாரணக் காரணம் இருந்தாலொழிய. பள்ளிக்கூடம் மாறுவது அதில் சேராது. கடும் வருத்தம் சேரலாம், ஆனால் பெரும்பாலும் கிடைப்பது கால அவகாசம்தான். இடம் மாறினால் நோயாளிக்கு என்னாகும் என்று வைத்தியர் குறிப்பாக எழுத வேண்டும்.

கணவரின் கடைக்காக வீட்டின் மேல் 60,000 பவுண் கடன் எடுத்தோம். வங்குரோத்தானது அவர் மட்டும்.

இதை டிரஸ்டி தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். கடன் கணவருக்காக மட்டும் எடுக்கப்பட்டதென்றால் அதை முதலில் அவர் பங்கிலிருந்தே கழிக்கும்படி நீங்கள் கோரலாம். அந்தக் கடனைக் கழிக்குமுன் மிச்சம் 120,000 என்று வையுங்கள். சாதாரணமாகப் பிரித்தால் ஆளுக்கு 30,000. இந்தக் கோரிக்கை நின்றால் உங்களுக்கு 60,000, டிரஸ்டிக்குப் பூச்சியம். அந்தக் காசில் வீட்டுச் செலவும் ஓடியிருந்தால் வாதம் பலவீனப்படும். காசு நேரே கடைக் கணக்குக்குப் போனதைக் காட்டும் வங்கிக் கூற்றைத் தேடி எடுங்கள்.