மகனை வீட்டில் விட்டுவிட்டு கவுன்சில் டெனன்சியை முடிக்கலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு படுக்கையறை கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) பிளாட்டில் இருக்கிறேன். 2009-இலிருந்து என் பெயரில் மட்டும்தான் டெனன்சி (வாடகைக் குடியிருப்பு உரிமை). வயது 63, வாடகை, வாரம் 130 பவுண்டு, யூனிவர்சல் கிரெடிட்டில் (அரசு உதவித்தொகை) வருகிறது. மில்டன் கீன்ஸில் இருக்கும் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். 27 வயது மகன் என்னோடுதான் இருக்கிறான், வேலைக்குப் போகிறான். டெனன்சியை முடிக்கும் நோட்டீஸில் கையெழுத்துப் போடச் சொல்லி கவுன்சில் ஒரு படிவம் தந்திருக்கிறது. போட்டுக் கொடுத்துவிடலாமா? மகன் அங்கேயே இருக்க முடியுமா?

பதில்: படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டீஸ் ஒருமுறை போய்விட்டால் நீங்களாக அதைத் திரும்பப் பெற முடியாது. நாள் முடிந்ததும் டெனன்சி போய்விடும், மகன் உரிமையில்லாமல் குடியிருப்பவர் ஆகிவிடுவார். சாவி ஒப்படைக்காத வாரங்களுக்குக் கவுன்சில் பணமும் கேட்கும்.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2012 ஏப்ரல் 1-க்கு முன் தொடங்கிய கவுன்சில் செக்யூர் டெனன்சியில் (சட்டப் பாதுகாப்புள்ள வாடகை உரிமை), வாடகைதாரர் இறந்தால் அவரோடு 12 மாதம் தொடர்ந்து குடியிருந்த பிள்ளைக்கு வீடு போகலாம். அப்படித் தகுதி உள்ளவருக்கு, நீங்கள் உயிரோடு இருக்கும்போதே டெனன்சியை எழுதிக் கொடுக்க 1985 ஹவுஸிங் சட்டத்தின் 91-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்களுடையது 2009. ஆனால் இதே வீடு உங்கள் கணவர் இறந்தபின் உங்களுக்கு வந்ததாக இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும், ஏனென்றால் சட்டப்படி வாரிசு உரிமை ஒரே ஒருமுறைதான். ஹவுஸிங் அசோசியேஷன் (கவுன்சில் அல்லாத சமூக வீட்டு அமைப்பு) வீடுகளுக்கும் இதை அப்படியே பொருத்தக்கூடாது. அங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலாவது, எழுதிக் கொடுப்பது முறையான பத்திரமாக, சாட்சியோடு இருக்க வேண்டும். 'மகன் பெயருக்கு மாற்றுங்கள்' என்று ஒரு மெயில் அனுப்பினால் போதாது. அதுவும் நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கும்போதே நடக்க வேண்டும். மில்டன் கீன்ஸில் நிலையாகக் குடியேறிவிட்டால் உங்கள் டெனன்சி செக்யூர் என்ற பாதுகாப்பை இழக்கும், பிறகு எழுதிக் கொடுக்க ஒன்றும் இருக்காது. வீட்டுச் சட்டம் தெரிந்த சொலிசிட்டரிடமோ உங்கள் பகுதி லா சென்டரிலோ (சட்ட உதவி மையம்) பத்திரத்தைத் தயார் செய்யுங்கள்.

இரண்டாவது, மகன் அங்கே குடியிருந்ததற்கான ஆதாரம். வங்கிக் கடிதம், சம்பளச் சீட்டு, ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு, வாக்காளர் பட்டியல் எல்லாம் அந்த முகவரியில் இருக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. தனியாள் என்று சொல்லி கவுன்சில் டாக்ஸில் (வீட்டுக்கான உள்ளாட்சி வரி) 25% தள்ளுபடி வாங்கி வந்தீர்களா? அப்படியானால் கவுன்சில் முதலில் அந்தக் கணக்கைத்தான் புரட்டும்: 'மகன் இங்கே இல்லை என்றுதானே சொன்னீர்கள்?' தள்ளுபடி தப்பாக வந்திருந்தால் நீங்களே முன்வந்து சொல்லித் திருப்பிக் கட்டுவது மேல். யூனிவர்சல் கிரெடிட் கணக்கிலும் மகன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

டெனன்சியை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு மகன் வாடகையைக் கட்டட்டும் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். கவுன்சில் வீட்டை முழுதாக இன்னொருவர் கையில் விடுவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், நேர்மையற்ற நோக்கம் இருந்தால் சிறை வரைக்கும் போகும்.

டெனன்சி மகனுக்குப் போன பிறகு வாடகை அவர் பொறுப்பு. பழைய பாக்கி இருந்தால் அது உங்கள் தலையில்தான், அதனால் முதலில் வாடகைக் கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அவர் ஒருநாள் வேலையிழந்து யூனிவர்சல் கிரெடிட் கேட்டால், இரண்டாவது படுக்கையறை உபரி என்று வாடகை உதவியில் 14% வெட்டுவார்கள்.

இந்த வழி ஒத்துவராமல் நோட்டீஸ்தான் என்றால் நாள் கணக்கு முக்கியம். குறைந்தது நான்கு வாரம், அதுவும் வாடகை வாரத்தின் முடிவில் முடிய வேண்டும், பெரும்பாலும் ஞாயிறு. புதன்கிழமை கொடுத்தால் நான்கு வாரம் கழித்து வரும் ஞாயிறுவரை, 32 நாள் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை கொடுத்தால் 30. சாவிக்கு மறுநாள் திங்கள் நண்பகல்வரை நேரம் தரும் கவுன்சில்கள் உண்டு, அதைத் தாண்டினால் இன்னொரு வாரம், இன்னொரு 130 பவுண்டு. எத்தனை சாவி கொடுத்தீர்கள் என்று எழுதி ரசீது வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

வீட்டைக் காலியாகக் கொடுக்க வேண்டும். பழைய கார்பெட், நீங்கள் போட்ட லாமினேட் தரை, பால்கனியில் கிடக்கும் சாமான் எதையாவது விட்டுப்போனால் அகற்றும் செலவு பில்லாக வரும். சாமித் தட்டுக்கு அடித்த திருகு ஓட்டைகளை ஃபில்லர் பசை வைத்து அடைத்துவிடுங்கள். அடுப்புக்கு மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை அவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். மீட்டர் அளவையும் ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் நீங்கள் இடம் மாறும் தேதியைக் காலண்டரில் பார்த்து வையுங்கள். யூனிவர்சல் கிரெடிட் மாதத்தைப் பிய்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை. உங்கள் கணக்கு மாதம் (உதவியைக் கணக்கிடும் மாதம்) 12-ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 11 வரை என்று வையுங்கள். 10-ஆம் தேதி மாறினால் அந்த முழு மாதத்துக்கும் வாடகை உதவி போய்விடும். உங்கள் வாடகைக்கு அது அதிகபட்சம் ஏறக்குறைய 563 பவுண்டு. 12-ஆம் தேதி மாறினால் முடிந்த மாதத்துப் பணம் முழுதாகக் கைக்கு வரும். நீங்கள் போன பிறகு ஓடும் நோட்டீஸ் வாரங்களுக்கு உதவி கிடைக்காது, அதை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் தனியாக இருக்கிறாரா? அப்படியானால் நீங்கள் போய்ச் சேரும் நாளிலிருந்து அவருடைய 25% கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி நிற்கும், அவர் உடனே சொல்ல வேண்டும். மகன் தனியாக இருப்பதால் அதே தள்ளுபடியை ஈஸ்ட் ஹாமில் அவர் கேட்கலாம்.

மகளோடு ஒத்துவருமா என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்தாலும், எதையும் எழுதிக் கொடுக்கும் முன் சில வாரம் போய் இருந்து பாருங்கள். திரும்பி வரும் எண்ணத்தோடு போய், ஆறு மாதத்துக்கு மேல் ஆகாது என்றால் யூனிவர்சல் கிரெடிட் வாடகை உதவியை நிறுத்தாது. போவதை யூனிவர்சல் கிரெடிட் ஆன்லைன் கணக்கின் ஜர்னலில் எழுதிவிடுங்கள். வீட்டைக் கைவிட்ட பிறகு மீண்டும் கவுன்சிலிடம் போனால், நீங்களாகவே வீடிழந்தவர் என்று முடிவு கட்டி நிரந்தர வீட்டுக்குப் பொறுப்பேற்க மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.