தோசைக்கல்லில் உருளும் துளி, சாயா மேல் நிற்கும் துளி: கேள்வி பதில்

மூணாறிலிருந்து: விடியக்காலம் கட்டன்சாயா (பால் இல்லாத டீ) ஊத்தினதும் மேலே வெள்ளைப் படலம் நிக்குது. திடீர்னு அதுல கறுப்புக் கீறல் ஓடுது. தூள்ல கலப்படமா சார்?

இல்லை, வெறும் தண்ணீர்தான். ஏறுகிற ஆவி குளிர்காற்றில் பட்டு, சுமார் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) துளிகளாகிறது. கீழிருந்து வரும் ஆவியோட்டம் தாங்குவதால் அவை சாயாவைத் தொடாமல் மயிரிழை உயரத்தில் நிற்கும். மெல்ல ஊதிப் பாருங்கள். கலையும், நிறுத்தினால் மறுபடி கூடும். ஒரு துளி விழுந்தால் எழும் சிற்றலை பக்கத்துத் துளிகளையும் விழுங்கிவிடும். கீறல் அதுதான்.

செங்கோட்டையிலிருந்து: தோசைக்கல்லில் உருளுற துளியும் இதேதானா?

வேறு. அங்கே துளி தன் சொந்த ஆவிமேல் மிதக்கிறது. 1756-ல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். கல் 150 டிகிரியில் இருந்தால் துளி 'சுர்'ரென்று உடனே போய்விடும். 200-ஐத் தாண்டினால் அடியில் 0.1 மில்லிமீட்டர் அளவு ஆவிப்படலம் சூட்டைத் தடுக்கும். துளி அரை நிமிஷம்கூட ஓடும். அந்தச் சூட்டில் மாவு ஊற்றினால் கரண்டியோடு சுருண்டு வரும். தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, வெங்காயத்தால் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பாலக்காட்டிலிருந்து: சாயா மேல நிக்குற மாதிரித் துளிகள் தேன்கூடு போல வரிசை கட்டுமாமே, பள்ளி ஆய்வகத்துல முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். தண்ணீர் அரை மில்லிமீட்டர் ஆழம் போதும். அடியில் ஒரே புள்ளியை, சுமார் 1 மில்லிமீட்டர் அகலம், சூடாக்குங்கள். பாத்திரம் முழுக்கச் சூடாக்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, துளிகள் சிதறிவிடும். புள்ளிக்கு மேல் ஆவி ஏறுவதால் துளிகள் நடுவே இழுபடும். ஆனால் ஒவ்வொன்றையும் சுற்றி ஓடும் ஆவி அடுத்ததைத் தள்ளிவைக்கும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் அறுகோணம். மின்விசிறியை நிறுத்துங்கள், அடியில் கறுப்புப் பின்னணி, டார்ச் பக்கவாட்டில். லென்ஸை நேர் மேலே பிடித்தால் ஆவி படியும், சாய்த்துப் பிடியுங்கள். துளிகள் பருத்துக்கொண்டே போகும்; ஒன்று விழுந்தால் மொத்தமும் காலி, மறுபடி ஆரம்பம்.

வாளையாறு பட்டறையிலிருந்து: அரிவாளுக்குத் துவைச்சல் (காய்ச்சித் தண்ணியில முக்குறது) போட்டா அங்கங்க கடினமாகாம நிக்குதுண்ணே.

தோசைக்கல்லில் பார்த்த அதே ஆவிப்போர்வைதான். சிவந்த இரும்பைத் தண்ணீரில் சும்மா பிடித்தால் போர்வை ஒட்டிய இடம் மெதுவாக ஆறும், கடினமாகாது. வாய்ப்பக்கம் முன்னால் போக மேலும் கீழும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பு கரைத்தால் போர்வை சீக்கிரம் உடையும். ஆனால் கார்பன் கூடின இரும்பு அதில் விரிசல் விடும், அதற்கு எண்ணெயே நல்லது.