ஓசூர் ஆலைகளின் பழைய வண்ணப் படங்கள் ஏன் சிவந்துபோகின்றன?

ஓர் ஊரின் அன்றாடத்துக்குச் சாட்சியாகக் காக்கப்படும் பழைய படமே ஆவணப் புகைப்படம். ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டம்; 2004 வரை தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில் கிடந்த ஊர். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகே ஆலை நகரமானது. அந்தத் தொடக்க காலத்து வண்ணப் படங்கள் பல வீடுகளில் செங்கல் நிறமாகிவிட்டன. அவற்றுக்கு மூத்த கறுப்பு வெள்ளைப் படங்களோ பளிச்சென்று இருக்கின்றன.

வண்ணத் தாளில் மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலப்பச்சை என மூன்று சாயப் படலங்கள் உண்டு. எழுபதுகளின் தாள்களில் நீலப்பச்சைதான் சோப்ளாங்கி; இருட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் வெப்பத்தில் தானாகவே சிதையும். சேலையில் ஒரு சாயம் மட்டும் வெளுத்தால் மொத்த நிறமும் வேறாகிவிடுகிறதே, அதே கதைதான். ஆலை வாசலில் வரிசையாக நிற்பவர்களின் நீலச் சட்டை இளஞ்சிவப்பாகும், பின்னாலுள்ள மரம் பழுத்ததுபோல் மஞ்சளாகும். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாயமே கிடையாது. உருவத்தைத் தாங்குவது நுண்ணிய வெள்ளித் துகள்கள்.

வெயிலில் கொதிக்கும் ஓட்டுக்கூரைக்கு அடியிலுள்ள பரண், படங்களுக்கு ஆகவே ஆகாது. பசையுள்ள ஆல்பமும் அப்படியே. கீழறை அலமாரியில், அமிலமற்ற காகித உறையில் வையுங்கள். பெயர்களைப் படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதலாம். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

லேமினேஷன் செய்தால் படம் பிழைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சாயம் சிதைவதைத் தடுக்காது; சூடும் பசையும் ஏறிய படத்தைப் பிறகு சேதமின்றிப் பிரித்தெடுக்கவும் முடியாது.