விறைப்புக் குறைவும் மாடிப்படி நெஞ்சு இறுக்கமும்

விறைப்பு குறைந்துவிட்டது, இளவயதுச் சுயஇன்பம்தான் காரணமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. கடிதத்தில் முக்கால்வாசி அந்தக் குற்ற உணர்வுதான் இருக்கிறது, அதை இன்றோடு விடுங்கள். விந்து 'வீணாகி' நரம்பு தளர்ந்துவிடும் என்பது லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்ப்பவர்களின் பிழைப்பு. இந்த மாதிரி விளம்பரங்களுக்கு 1954-லேயே சட்டம் தடை போட்டது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரைப் பார்த்தால் அப்படித் தெரியாது! உறுப்பு லேசாக இடப்பக்கம் வளைந்திருக்கிறது என்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வலியும் இல்லை என்றால் அது வியாதியே கிடையாது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "ஒரு வருடமாகக் காலையில் எழும்போதும் விறைப்பு இல்லை, மாடி ஏறினால் நெஞ்சு கொஞ்சம் இறுக்குகிறது, கேஸ் என்று நினைக்கிறேன்."

46 வயதில், சிகரெட்டும் பிபியும் இருக்கிற ஒருவர், அதுவும் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கும்போது, அதைக் கேஸ் என்று தானே முடிவுகட்டக் கூடாது.

விறைப்பு முழுக்க முழுக்க ரத்த ஓட்டத்தின் வேலை. ஆசை வந்ததும் முதுகுத்தண்டின் அடிப்பகுதி நரம்புகள் வழியாகச் செய்தி இறங்குகிறது. உறுப்புக்குள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அங்குள்ள மென்தசைகள் தளர்கின்றன, தமனிகள் விரிகின்றன, ரத்தம் பாய்ந்து நிரம்புகிறது. உப்பிய திசு வெளியுறையோடு சேர்த்துச் சிரைகளை நசுக்குவதால் ரத்தம் வெளியேற முடியாமல் நிற்கிறது. அதாவது தசை தளர்ந்தால்தான் உறுப்பு விறைக்கும். பயமும் பதற்றமும் வந்தால் அட்ரினலின் அந்தத் தசையை இறுக்கிவிடும், கதை முடிந்தது.

ஆனால் தூக்கத்தில் பதற்றம் ஏது? ஆரோக்கியமான ஆணுக்கு ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வரும். காலையில் நீங்கள் கவனிப்பது அதில் கடைசி. மனைவியிடம் மட்டும் முடியவில்லை, காலையில் வழக்கம்போல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தால், மனசைப் பாருங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். உங்களுக்குக் காலை விறைப்பும் சிறுகச் சிறுகக் குறைந்து நின்றிருக்கிறது. அப்படியானால் சந்தேகம் ரத்தக்குழாய் மேல்தான்.

உறுப்புக்குப் போகும் தமனியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். சிகரெட்டும் சர்க்கரையும் கொழுப்பும் எல்லாக் குழாய்களின் உள்சுவரையும் ஒரே சமயத்தில்தான் கெடுக்கின்றன. சிறிய குழாய் முதலில் காட்டிக்கொடுக்கிறது. விறைப்பு குறைந்து சில வருடங்கள் கழித்து மாரடைப்போடு வருபவர்கள் நிறைய. உங்களுக்கோ நெஞ்சும் பேச ஆரம்பித்துவிட்டது.

எனவே நாளைக்கே ஒரு பொது மருத்துவரையோ இதய மருத்துவரையோ பாருங்கள். பிபி, சர்க்கரை, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c), கொழுப்பு, ஈசிஜி, தேவைப்பட்டால் டிஎம்டி (ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி). ஈசிஜி மட்டும் எடுத்து 'நார்மல்' என்று வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி அடைப்பைத் தவறவிடலாம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பார்ப்பதென்றால் காலையில் ரத்தம் கொடுங்கள். நடுவில் இறுக்கம் ஓய்வெடுத்தும் விடாவிட்டாலோ, வியர்வையோடு வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

நண்பர் கொடுத்த நீல மாத்திரைக்கு வருகிறேன். சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் அது கிடைக்கிறது என்பதற்காக மிட்டாய் ஆகிவிடாது. அதிலுள்ள சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்ட மருந்து, 1998-ல்தான் விறைப்புக்கு விற்பனைக்கு வந்தது. ஆசையை அது உண்டாக்காது. நைட்ரிக் ஆக்சைடு தொடங்கிவைக்கும் வேலை சீக்கிரம் அணைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. சரியான ஆளுக்கு நல்ல மருந்துதான், நானும் எழுதித் தருகிறேன். ஆனால் அதைப் போட்ட இரவில் உங்களுக்கு நெஞ்சு வலித்து, வீட்டில் யாராவது அப்பாவின் சார்பிட்ரேட்டை (நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் மாத்திரை) எடுத்து உங்கள் நாக்கடியில் வைத்தால்? ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய் உயிரே போகலாம். மாத்திரையைப் பொறுத்து 24 முதல் 48 மணி நேரம் வரை இந்த ஆபத்து உண்டு. லேகியம் சாப்பிட்டால் பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். 'மூலிகை' என்று விற்கும் பல சரக்குகளில் இதே சில்டெனாஃபிலைச் சொல்லாமல் கலந்திருப்பது பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாது.

யூடியூப் பார்த்து பிபி மாத்திரையை நிறுத்தினீர்களாமே. சில பிபி மருந்துகள் விறைப்பைக் குறைப்பது உண்மைதான், அதற்கு மாற்று மருந்து இருக்கிறது. எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இன்றே போன் செய்து, அவர் சொல்கிறபடி திரும்ப ஆரம்பியுங்கள்.

போகும்போது அந்த மாத்திரை அட்டையையும் லேகிய டப்பாவையும் கையோடு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் வையுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால், உங்கள் நெஞ்சுவலிக்கு அவர் சார்பிட்ரேட்டையே எழுதிவிடக்கூடும்.