ஆட்டோபே பழைய வீட்டு பில்லைக் கட்டியது, புது வீட்டில் ஃபியூஸ் போனது

கேள்வி: வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தோம். பிப்ரவரியில் அதே ஏரியாவில் வேறு வீட்டுக்கு மாறினோம். ஈபி பில்லுக்கு ஒரு பேமெண்ட் ஆப்பில் ஆட்டோபே போட்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் போய்க்கொண்டே இருந்ததால் கவலையில்லாமல் இருந்தேன். போன வாரம் லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். விசாரித்தால் மூன்று பில், மொத்தம் 13,540 ரூபாய், பழைய வீட்டு சர்வீஸ் நம்பருக்கே போயிருக்கிறது. புது வீட்டு உரிமையாளர் முன்பணமாகக் கட்டி வைத்திருந்தது முதல் இரண்டு பில்லுக்கு ஓடியிருக்கிறது. மூன்றாவது பில்லுக்குத்தான் கட் செய்திருக்கிறார்கள். ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை. அம்மாவுக்கு நெபுலைசர் வைக்க முடியாமல் அன்று ராத்திரி நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தெருவே வேடிக்கை பார்த்தது. பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர்கள் ஆறு மாதமாக வாயே திறக்கவில்லை. அந்த வீட்டு உரிமையாளர் பெயிண்ட் அடித்த செலவு என்று சொல்லி அட்வான்ஸில் 20,000 ரூபாயை இன்னும் தரவில்லை. 'நான் கட்டிய பணத்தை மாற்றி வரவு வைக்கும்வரை ஒரு பைசா கட்டமாட்டேன்' என்று ஈபி ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தேன். இப்போதைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து ஃபேனும் லைட்டும் ஓடுகின்றன. நண்பர் ஒருவர், 'மோசடி என்று வங்கியிலும் 1930 என்ற சைபர் புகார் எண்ணிலும் புகார் கொடு, பணம் தானாகத் திரும்பும்' என்கிறார். வாரியம், ஆப், வங்கி, பழைய வீட்டுக்காரர் எல்லோர்மீதும் 2 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் அந்த ஒயரைக் கழற்றுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே ஆபத்தானது. ஓர் இடத்துக்கென்று கொடுத்த மின்சாரத்தை வேறு இடத்தில் பயன்படுத்துவது, மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. எப்போதிலிருந்து நடக்கிறது என்று தெரியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கும், அதுவும் கட்டணத்தின் இரண்டு மடங்கில் கணக்குப் போடலாம். அந்த நோட்டீஸ் பெரும்பாலும் இரக்கப்பட்டு ஒயர் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் வரும். அவர் அப்பீல் போக வேண்டுமென்றால் பாதித் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

அடுத்து, நிலுவையில் இருக்கும் பில்லை மறு இணைப்புக் கட்டணத்தோடு இன்றைக்கே கட்டி இணைப்பை வாங்குங்கள். தகராறு இருக்கும்போது, கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாத சராசரியையோ, எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால் துண்டிக்கக் கூடாது என்று 56-ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு இருப்பது உண்மை. அது பில் தொகை தவறு என்பவருக்கு. உங்கள் பில்லில் தவறே இல்லை. ரீடிங் சரி, தொகை சரி, நம்பர் சரி. கட்டப்படவில்லை, அவ்வளவுதான். 'மாற்றி வரவு வைக்கும்வரை கட்டமாட்டேன்' என்று உட்கார்ந்திருந்தால் வாரியத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை, உங்கள் அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பணம் எந்த சர்வீஸ் நம்பருக்குப் போனது என்ற ஒரு கேள்வியில்தான் இந்த வழக்கு முழுவதும் நிற்கிறது. ரசீதை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் அதில் இருக்காது. சர்வீஸ் நம்பரும் அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரும்தான் இருக்கும். வாரியத்தைப் பொறுத்தவரை அந்த நம்பரில் பில் நிலுவை இருந்தது, பணம் வந்தது, வரவு வைத்தாயிற்று. கட்டியவர் யார் என்று பார்ப்பது அதன் வேலையல்ல. ஆப் நீங்கள் கொடுத்த நம்பருக்குக் கட்டியது. வங்கி நீங்கள் பின் நம்பர் போட்டு ஒப்புதல் கொடுத்த ஆணையை நிறைவேற்றியது. ஆக, நீங்கள் சொன்ன பட்டியலில் மூவரை இப்போதே அடித்துவிடலாம்.

எஸ்எம்எஸ் வராதது, தெரு வேடிக்கை பார்த்தது, ஃபியூஸைப் பிடுங்கிய விதம், இதெல்லாம் உங்களுக்குப் பெரிய விஷயம் என்பது புரிகிறது. வழக்குக்கு உதவாது. எஸ்எம்எஸ் வாரியத்தில் பதிவான மொபைலுக்குப் போயிருக்கும். வாடகை வீட்டில் அது பெரும்பாலும் உரிமையாளரின் எண்தான். துண்டிப்பதற்கு முன் 15 முழு நாட்களுக்குக் குறையாமல் எழுத்துபூர்வ நோட்டீஸ் தர வேண்டும் என்ற வாதம் உண்டு. ரீடிங் எடுத்தபோதே கெடு தேதி தெரிவிக்கப்பட்டது என்று வாரியம் பதில் சொல்லும். அதில் நீங்கள் ஜெயித்தாலும் 13,540 ரூபாய் திரும்பப் போவதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் மதிப்பு வரை கட்டணம் இல்லை என்பதால் நிறையப் பேர் முதலில் அங்கே ஓடுகிறார்கள். சேவைக் குறைபாட்டைக் காட்டாமல் அங்கே போவதில் பயனில்லை. உங்கள் கதையில் குறைபாடு உங்கள் ஆட்டோபேயில்தான் இருக்கிறது.

நண்பர் சொன்ன யோசனைக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்களில் கெட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறார்கள்.

வங்கியின் புகார்ப் படிவத்தில் 'எனக்குத் தெரியாமல் நடந்த பரிவர்த்தனை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி தற்காலிகமாகப் பணம் வரவு வைக்கப்படும். அன்றைக்கு வீட்டில் சந்தோஷம். அதன் பிறகு வங்கி பதிவேட்டை எடுக்கும். ஆட்டோபே ஆணையை எந்தத் தேதியில், எந்த மொபைலிலிருந்து, பின் போட்டுக் கொடுத்தீர்கள் என்பது அதில் இருக்கும். ஒவ்வொரு முறையும் பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்று பில்லுக்கு மூன்று அறிவிப்பு. அவற்றை நீங்கள் படிக்காமல் தள்ளிவிட்டிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். வங்கி வைத்த வரவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

பணம் போனதோடு முடிந்தால் பரவாயில்லை. உங்களுக்குச் சட்டத்தில் இருக்கும் ஒரே பிடி 'நான்தான் கட்டினேன், தவறுதலாகக் கட்டினேன்' என்பது. அந்தப் படிவத்தில் 'நான் கட்டவே இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். நாளை சிவில் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்தத் தாளை நீட்டி, 'இது உங்கள் கையெழுத்தா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதோடு வழக்கு முடிந்தது.

1930 இன்னும் மோசம். அது உண்மையான சைபர் மோசடிக்கான எண். 'இன்றிரவு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்' என்று எவனோ அனுப்பிய மெசேஜை நம்பி பணத்தை இழந்தவர் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய இடம். உங்கள் பணம் எங்கே போனது என்று அவர்கள் பார்த்தால் மின்வாரியத்தின் கணக்கில் வந்து நிற்கும். அதோடு விடாமல் பழைய வீட்டில் குடியிருப்பவர் பெயரைச் சேர்த்தால், பொய்யான தகவலால் இன்னொருவருக்குத் தொல்லை வரச் செய்ததாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 217-ஆம் பிரிவு உங்கள் பக்கம் திரும்பலாம். உட்கார்ந்து பேசியிருந்தால் பணம் தந்திருக்கக் கூடியவர் வக்கீலோடு வந்து நிற்பார். நான் பார்த்தவரை, அதற்குப் பிறகு எந்தச் சமரசமும் அந்தப் பழைய தொகையில் முடிந்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். பணம் சிக்கிய பதற்றத்தில் அப்படித் தேடி, போலி எண்ணில் சிக்கி, மொபைல் திரையை யாரோ பார்க்கும்படி ஆப் ஏற்றிக்கொண்டு, சில ஆயிரத்துக்காகப் பல லட்சத்தை விட்டவர்கள் உண்டு. புகார் கொடுப்பதென்றால் ஆப்பின் உள்ளேயே கொடுங்கள். அந்த ஆட்டோபே இன்னும் உயிரோடு இருந்தால் அடுத்த பில்லும் அதே வீட்டுக்குத்தான் போகும், இப்போதே ரத்து செய்யுங்கள்.

பணம் வருவதற்கு வழி உண்டா என்றால், உண்டு. ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 72-ஆம் பிரிவு, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்ததன் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது. தவறு தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். பழைய வீட்டில் அவர்களும் தனியாக பில் கட்டியிருந்தால் உங்கள் பணம் அந்த நம்பரில் முன்பணமாக நிற்கும். அப்படியென்றால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, ரசீதுகளோடு மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்து மாற்றக் கேளுங்கள். அவர்கள் கட்டவில்லையென்றால் பணம் மின்சாரமாக எரிந்து முடிந்துவிட்டது. அப்போது வாரியத்திடம் கேட்க ஒன்றுமில்லை, அந்த வீட்டுத் தரப்பிடம்தான் கேட்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போகச் சொல்லமாட்டேன். 13,540 ரூபாய்க்கு வழக்கு நடத்தினால் வக்கீல் கட்டணம் அதைத் தாண்டிவிடும், எனக்கு வருமானம் என்றாலும் சொல்கிறேன். பழைய வீட்டு உரிமையாளரிடம் போய் உட்காருங்கள். அவர் கையில் உங்கள் 20,000 இருக்கிறது, உங்களிடம் மூன்று ரசீது இருக்கிறது. பெயிண்ட் செலவில் ஒரு நியாயமான தொகையை விட்டுக்கொடுத்துவிட்டு, மீதி அட்வான்ஸோடு மூன்று பில் தொகையையும் அவரே உங்களுக்குத் தந்து, இப்போதைய குடித்தனக்காரரிடம் அவர் வசூலித்துக்கொள்ளட்டும். வாடகையோடு சேர்த்து வாங்குவது அவருக்குச் சுலபம், உங்களுக்கு முடியாத காரியம். மொத்தத்தில் ஐந்தாறாயிரம் குறைந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். முடிந்ததை ஒரு தாளில் எழுதி, சர்வீஸ் நம்பரும் பில் தேதிகளும் குறிப்பிட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 'ஏமாற்றினார்', 'மோசடி' போன்ற சொற்கள் அதில் வேண்டாம். பணத்தை ரொக்கமாக வாங்காமல் வங்கி வழியாக வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. புது வீட்டில் முதல் இரண்டு பில்லும் உரிமையாளரின் முன்பணத்தில் கழிந்திருக்கின்றன. அந்தக் கரண்ட் நீங்கள் எரித்தது. அவர் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவர் கேட்பதற்கு முன் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய வீட்டுக்காரருக்கு எதிராக நீங்கள் சொல்லப்போகும் அதே 70-ஆம் பிரிவை அவர் உங்களுக்கு எதிராகச் சொல்வார்.