பாரிஸிலிருந்து ஒரு நாள் அரண்மனைப் பயணம்: கேள்வியும் பதிலும்

புதுச்சேரியில் பிறந்தவள், பாரிஸ் புறநகரில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஊரிலிருந்து யார் வந்தாலும் அரண்மனைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

அம்மா, எங்களிடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. காலையில் வெர்சாய், மாலையில் ஃபோன்தென்புளோ என்று இரண்டையும் முடித்துவிடலாமா? (கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி)

வேண்டாம். வெர்சாய் பாரிஸுக்குத் தென்மேற்கே, ஃபோன்தென்புளோ தென்கிழக்கே அறுபது கிலோமீட்டர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மறுபடியும் பாரிஸுக்குள் வந்து, ரயில் நிலையம் மாறி, வேறு ரயில் பிடிக்க வேண்டும். பகல் பொழுதில் பாதி நடைமேடையிலேயே கரைந்துவிடும். வெர்சாயில் தோட்டத்தையும் இரண்டு திரியானோன் மாளிகைகளையும் பார்க்க ஆசைப்பட்டால், அது ஒன்றுக்கே முழு நாள் வேண்டும். ஒரு நாளுக்கு ஓர் அரண்மனை போதும்.

அப்படியானால் எது? வெர்சாய் பார்க்காமல் திரும்பினால் ஊரில் கேலி செய்வார்களே!

கேலிக்குப் பயந்தால் வெர்சாய்க்கே போங்கள். கண்ணாடி மண்டபம் 73 மீட்டர் நீளம், 357 கண்ணாடிகள். முதல் உலகப் போரை முடித்துவைத்த ஒப்பந்தம் 1919 ஜூன் 28 அன்று கையெழுத்தானது அங்கேதான். ஆனால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். திங்கட்கிழமை விடுமுறை, அன்று ஏமாந்தவர்களும் சேர்ந்து வருவதால் செவ்வாய் கூட்டம் இன்னும் மோசம். நுழையும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, புதன் அல்லது வியாழனில் போங்கள்.

என் ஓட்டு ஃபோன்தென்புளோவுக்கு. அங்கே செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை நான் மறந்துவிட்டு, ஊரிலிருந்து வந்த சித்தப்பாவைச் செவ்வாயன்று அழைத்துப்போய்ப் பூட்டிய கதவைக் காட்டியிருக்கிறேன். இன்றும் தொலைபேசியில் பேசினால் அதைத்தான் முதலில் கேட்பார்.

ஃபோன்தென்புளோவுக்கு எப்படிப் போவது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

கார் த லியோன் நிலையத்துக்குப் போங்கள், மகளே. 'கார்' என்றால் இங்கே ரயில் நிலையம்; என் அத்தை ஒருவர் வாடகைக் கார் என்று நினைத்து வாசலில் காத்திருந்தார். அங்கிருந்து 'ஆர்' தடத்துப் புறநகர் ரயில். அறிவிப்புப் பலகையில் ஃபோன்தென்புளோ-ஆவோன் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். சுமார் நாற்பது நிமிடம்.

2025 ஜனவரி முதல் பாரிஸ் வட்டாரம் முழுவதற்கும் ரயில் கட்டணம் ஒன்றே. ஒரு வழிக்கு 2.50 யூரோ என்று தொடங்கியது. முன்பு இதே ஊருக்கு அதைப்போல இரு மடங்கு கொடுத்தோம். திரும்பி வருவதற்கான டிக்கெட்டையும் காலையிலேயே வாங்கிவிடுங்கள், மாலையில் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டாம். நிலையத்திலிருந்து அரண்மனைக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர் இருக்கும். நிலைய வாசலில் நகரப் பேருந்து நிற்கும். ரயில் டிக்கெட் அதில் செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும். பாரிஸில் ஒரு வாரம் தங்குபவர்கள் திங்கள் முதல் ஞாயிறு வரைக்கான நவிகோ அட்டை எடுத்தால் ரயிலும் பேருந்தும் அதிலேயே அடங்கிவிடும்.

உள்ளே 1,500 அறைகளுக்கு மேல் இருப்பதாகப் படித்தேன். மூன்று மணி நேரத்தில் எதைப் பார்ப்பது?

பயப்படாதீர்கள், எல்லாவற்றையும் திறந்து காட்ட மாட்டார்கள். உள்ளே நுழையுமுன் முற்றத்தில் குதிரைலாட வடிவப் படிக்கட்டின் எதிரே நின்றுகொள்ளுங்கள். முடிதுறந்த நெப்போலியன் 1814 ஏப்ரல் 20 அன்று தன் பழைய காவற்படையிடம் விடைபெற்று எல்பா தீவுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். ஒரு வாரத்துக்கு முன், இதே அரண்மனையில் விஷம் குடித்தும் பிழைத்துக்கொண்டவர் அவர். முடிதுறந்த அறையில் ஒரு சிறிய வட்ட மேசை இருக்கும். பார்க்க ஒன்றுமில்லை, அதனாலேயே நான் அங்கே நின்றுவிடுவேன்.

அடுத்து மன்னர் முதலாம் பிரான்சுவாவின் நீண்ட கூடம். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வரவழைத்த ஓவியர் ரோசோ ஃபியோரென்தீனோ செய்த சுவரோவியமும் சுதைவேலையும். நெருப்பில் வேகாது என்று நம்பப்பட்ட, பல்லி போன்ற சாலமாண்டர்தான் மன்னரின் சின்னம். சுவரில் எத்தனை பல்லி என்று எண்ணச் சொன்னால் பிள்ளைகள் தொந்தரவு செய்யமாட்டார்கள். பிறகு அரியணை அறை. மன்னர்களின் படுக்கையறையாக இருந்ததை 1808இல் நெப்போலியன் தனக்காக மாற்றிக்கொண்டார்.

போப் ஏழாம் பயஸின் அறைகளைத் தவறவிடாதீர்கள். நெப்போலியனின் முடிசூட்டு விழாவுக்காக 1804இல் வந்தபோது விருந்தாளியாகத் தங்கினார். 1812இல் கைதியாகக் கொண்டுவரப்பட்டு 1814 வரை இங்கேயே கிடந்தார். இரண்டு முறையும் வீட்டுக்காரர் ஒருவரே.

என் மகனுக்கு எட்டு வயது. மாளிகை வேண்டாம், அகழியும் கோபுரமும் உள்ள கோட்டைதான் வேண்டும் என்கிறான்.

பிள்ளை சொல்வது நியாயம். 'ஷாத்தோ' என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்கும் மாளிகைக்கும் சேர்த்தே சொல்வதால் வரும் குழப்பம் இது. வன்சேன் கோட்டைக்கு அழைத்துப் போங்கள். மெட்ரோ முதலாம் தடத்தின் கடைசி நிலையம். 14ஆம் நூற்றாண்டுக் காவற்கோபுரம் ஐம்பது மீட்டர் உயரம், சுற்றிலும் அகழி. தத்துவ அறிஞர் திதெரோ 1749இல் இங்கே சிறையில் இருந்தார். அரை நாள் போதும்.

ஷாந்தியி அரண்மனை எப்படி? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்)

ஐயா, ஓவியம் பிடிக்குமென்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள். ரஃபேலின் ஓவியங்கள் மூன்று உள்ளன. ஓமால் கோமகன் தன் சேகரிப்பைப் பிரெஞ்சு அறிவுக்கழகத்துக்கு எழுதிவைத்தபோது எதையும் வெளியே இரவல் தரக்கூடாது என்று விதித்துவிட்டார். ஆகவே அங்கே போனால்தான் பார்க்கலாம். இங்கும் செவ்வாய் விடுமுறை. கார் து நோர் நிலையத்திலிருந்து வேக ரயிலில் இருபத்தைந்து நிமிடம், பிறகு அதே அளவு நேரம் நடை.

ஒரு எச்சரிக்கை: ஷாந்தியி பாரிஸ் வட்டாரத்துக்கு வெளியே இருக்கிறது. மேலே சொன்ன ஒரே கட்டண டிக்கெட் அங்கே செல்லாது, தனியாக எடுங்கள்.

சாப்பாட்டுக் கவலையே வேண்டாம். கார் து நோருக்குப் பின்னால்தான் லா ஷப்பேல், ஈழத்தமிழர் கடைத்தெரு. இட்லியோ புளிச்சாதமோ கட்டிக்கொண்டு ரயில் ஏறுங்கள். 1671இல் பதினான்காம் லூயிக்கு இதே ஷாந்தியியில் விருந்து நடந்தபோது, மீன் வண்டி நேரத்துக்கு வரவில்லை என்று விருந்துப் பொறுப்பாளர் வத்தேல் உயிரையே மாய்த்துக்கொண்டார். உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை.

அரண்மனைகள் நிறைந்த லுவார் பள்ளத்தாக்கை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

பள்ளத்தாக்கை முடியாது, அங்குள்ள ஷெனோன்சோ அரண்மனையை மட்டும் முடியும். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் சேன்-பியேர்-தே-கோர் நிலையம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குள். இறங்கினால் எதிரே அரண்மனை வாசல். ஷேர் ஆற்றின் மேல் பாலமாக நிற்கும் 60 மீட்டர்க் கூடம் முதல் உலகப் போரில் மருத்துவமனையாக இருந்தது. உள்ளூர் ரயில்கள் குறைவு. திரும்பும் ரயிலின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு போகும் ரயிலைப் பதிவு செய்யுங்கள். அதே பள்ளத்தாக்கின் இன்னோர் அரண்மனையான ஷாம்போரைக் கார் இல்லாமல் குளிர்காலத்தில் முயல வேண்டாம்.

இந்த அரண்மனைகளில் நம் பக்கத்துத் தொடர்பு ஏதாவது உண்டா? (புதுச்சேரியிலிருந்து ஒரு தம்பி)

உண்டு தம்பி, அதுவும் நம் ஊர் வழியாகவே. திப்பு சுல்தானின் மூன்று தூதர்கள் 1787இல் புதுச்சேரியில் கப்பலேறி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று வெர்சாயின் ஹெர்குலிஸ் மண்டபத்தில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். ஆங்கிலேயருக்கு எதிராகப் படையுதவி கேட்டார்கள். கஜானா காலி, உபசாரமும் பீங்கான் பாத்திரங்களும்தான் கிடைத்தன. அதற்கடுத்த ஜூலையில் பஸ்தீய் சிறை வீழ்ந்தது. கண்ணாடி மண்டபத்துக்கு எல்லோரும் அந்த மண்டபத்தைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள். நீ இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போ.

என் தாயாருக்கு முழங்கால் வலி. அவரை அழைத்துப் போகலாமா?

ஃபோன்தென்புளோவுக்கு அழைத்துப் போங்கள். முற்றத்துக்கும் தோட்டத்துக்கும் கட்டணம் இல்லை. பேருந்து அரண்மனை அருகிலேயே நிற்கும். நீங்கள் உள்ளே போய்வரும் வரை அவர் கெண்டைக் குளத்தருகே உட்கார்ந்திருக்கலாம். ஒரு சால்வை மட்டும் கையில் கொடுங்கள், குளத்துக் காற்று மே மாதத்திலும் குளிரும்.